விசுவநாத தாஸ்: மேடையும் சாதியும்

1833 ஏப்ரலில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்னும் கறுப்பின நடிகர் ஒத்தெல்லோவாகத் தோன்றினார். கறுப்பு வீரன் ஒருவனைப் பற்றிய நாடகத்தில் கறுப்பர் ஒருவர் நடித்ததையே லண்டன் இதழ்கள் சில இழித்து எழுதின. இரண்டு இரவுகளோடு அவ்வாய்ப்பு முடிந்தது. பின்னாளில் ஐரோப்பிய நகரங்கள் அவரைக் கொண்டாடின என்பது வேறு கதை.

தமிழ் மேடையில் நிறத்தின் இடத்தில் சாதி நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாளைக் காணக் காவிரிக்கரை ஊர்களிலிருந்து கூட்டம் ரயிலேறி வந்தது. ஆயினும் தேவதாசி குலத்தவர் என்ற ஏளனம் அவரை விட்டு நீங்கவில்லை. அது வெளியுலகம் காட்டிய விலக்கு. உடன் நடிப்பவர்களே காட்டிய விலக்கை அறிய விசுவநாத தாஸின் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

1886இல் சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர் தாஸ். ஸ்பெஷல் நாடக மேடையில் புகழ்பெற்ற ராஜபார்ட். அவருடன் ஜோடியாக நடிக்க நடிகையர் சிலர் சாதியைக் காரணம் காட்டி மறுத்தனர்.

இம்மறுப்பின் கனம் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பை அறிந்தவர்க்கே விளங்கும். கம்பெனி நாடகத்தில் யார் யாருடன் நடிப்பது என்பதை முதலாளி தீர்மானிப்பார். ஸ்பெஷல் நாடகத்திலோ ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே ஒப்பந்தமாகி, வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்றிரவு மேடையில் கூடுவர். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் உயிர், வேலனும் வள்ளியும் பாட்டிலும் பேச்சிலும் விடிய விடிய நிகழ்த்தும் தர்க்கத்தில் இருக்கிறது. வள்ளி வர மறுத்தால் முருகனுக்கு மேடையே இல்லை. அந்நிலையில் தாஸுடன் துணிந்து நடித்தவர், பின்னாளில் பொதுவுடைமை இயக்கத் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய கே.பி. ஜானகி அம்மாள்.

தாஸ் புராண நாடகங்களுக்கு நடுவே மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களைப் பாடினார். வெள்ளையரைக் கொக்காக்கிய பாட்டு ஊர்தோறும் பரவியது. அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

வேடம் பூண்ட உடலை முருகன் என்று கும்பிட்டவர்களுக்கு அவ்வுடலின் சாதி தடையாக இருக்கவில்லை. அருகில் நிற்க வேண்டியவர்களுக்குத்தான் தடையாக இருந்தது. இன்று திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் உண்டு. ‘தியாகி’ என்ற பட்டமும் உண்டு. வெள்ளையர் தந்த சிறையைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நம்மவர் தந்த விலக்கையும் அதே வரலாற்றில் எழுதினால்தான் அவர் எத்தனை முனைகளில் போராடினார் என்பது விளங்கும்.