ஜாவாஸ்கிரிப்ட்டில் செயற்கூறு நிரலாக்கம்

செயற்கூறு நிரலாக்கம் என்பது, மதிப்பை வாங்கி மதிப்பைத் தரும் செயற்கூறுகளைக் கோத்து நிரல் எழுதும் முறை. இதன் கணித வேர் 1930களில் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா நுண்கணிதம். ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப், அதன் கிளையாக 1975இல் எம்.ஐ.டி.யில் பிறந்த ஸ்கீம் ஆகியவை இதை நிரலர்களிடம் சேர்த்தன.

வலை உருவாக்குநருக்கு இது வெளியூர்ச் சரக்கு அன்று. 1995இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்பில் சேர்ந்ததே உலாவிக்குள் ஸ்கீமைக் கொண்டுவரத்தான். நிர்வாகமோ ஜாவா சாயலில் ஒரு மொழி கேட்டது. பத்து நாளில் அவர் எழுதிய முதல் வடிவத்துக்கு உடை ஜாவாவுடையது. செயற்கூறுகளின் இயல்பு ஸ்கீமுடையது. அதனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு செயற்கூறை எண்ணைப் போலவே மாறியில் வைக்கலாம், இன்னொன்றுக்கு அளபுருவாக அனுப்பலாம், விடையாகத் திருப்பலாம். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் எவரும் ஏற்கெனவே இதைத்தான் செய்கிறார்.

முறையின் உயிர், தூய செயற்கூறு. ஒரே உள்ளீட்டுக்கு அது எப்போதும் ஒரே விடை தரும். தனக்கு வெளியே எதையும் மாற்றாது. விலையையும் வரி விகிதத்தையும் வாங்கி மொத்தம் சொல்வது தூயது. கடிகாரத்தைப் பார்த்தாலோ, சேவையகத்தைக் கேட்டாலோ, திரையில் எழுதினாலோ அந்தத் தூய்மை போய்விடும். இவையின்றி வலைப்பக்கம் இல்லை. எனவே இவற்றைக் கணக்கிடும் பகுதியிலிருந்து பிரித்து ஓரத்தில் நிறுத்துவதே வழி. தூய பகுதியைச் சோதிக்க உலாவிகூட வேண்டாம். புதிதாகக் கற்பவர் மோனாட் போன்ற கோட்பாட்டுச் சொற்களைத் துரத்தாமல் இந்தப் பிரிப்பை முதலில் பழக வேண்டும்.

அடுத்தது, தரவை இருந்த இடத்திலேயே திருத்தாமை. ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்ட்டின் 5ஆம் பதிப்பு 2009இல் தரப்படுத்திய மேப், ஃபில்டர் இரண்டும் மூல அணியைத் தொடாமல் புதிய அணி தருகின்றன. ரெடியூஸ் அணியை ஒரே மதிப்பாகச் சுருக்குகிறது. அணியை வரிசைப்படுத்தும் சார்ட் அப்படியல்ல. பொருள்களை விலைவாரியாகக் காட்ட அதை அழைத்தால் மூலப் பட்டியலே கலைந்துவிடும். இடைமுகங்களைக் கட்டப் பயன்படும் ரியாக்ட் நூலகத்தில் இதன் விளைவு இன்னும் குழப்பமானது: நிலையில் வைத்த அணி அதே அணிதானா என்றுதான் அது பார்க்கிறது, உள்ளே புகுந்து ஒப்பிடுவதில்லை. அதே அணியை வரிசைப்படுத்தித் திருப்பிக் கொடுத்தால், எதுவும் மாறவில்லை என்றெண்ணித் திரையைப் புதுப்பிக்காமல் விடும். நகலெடுத்து வரிசைப்படுத்துவதே நெடுநாள் வழக்கம். மூலத்தைத் தொடாத டூசார்ட்டட் எக்மாஸ்கிரிப்ட் 2023இல்தான் மொழிக்குள் வந்தது.