பாரதத்தில் இல்லாத பாரதக் கதைகள்

நிகோபார்த் தீவுக் கூட்டத்தில், ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கட்சாலில், ரப்பர் மரங்களை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இலங்கையின் தோட்டங்களிலிருந்து வந்தவை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று தீர்மானமானபோது, தலைமுறை தலைமுறையாகத் தேயிலையும் ரப்பரும் வளர்த்த அந்த ஜனங்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு இத்தீவு வாழிடமாக வாய்த்தது. அவர்கள் விட்டுவந்த தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த வாழ்க்கையின் அலுப்பையெல்லாம் மறக்கச் செய்த மூன்று கூத்துகள் பிரசித்தமாக வழங்கின: காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர்.

பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தாமாக ஒரு கதை புனைவதை இக்காலத்து இளைஞர்கள் ரசிகப் புனைவு என்கிறார்கள். சினிமாக் கதாநாயகர்களையும் தொடர்கதை நாயகிகளையும் வைத்து எழுதத் தொடங்கும் அவர்களுக்கு, இது நேற்று முளைத்த வழக்கம் என்ற எண்ணம் இருக்கிறது. நம் நாட்டில் இது அக்கூத்துகளிலேயே காணக்கூடிய மிகப் பழைய தொழில். அதன் நுட்பங்களைக் கற்க விரும்புகிறவன் நம் பாமரக் கதாசிரியர்களிடமே போய் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காமன் கூத்தையே பாருங்கள். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது புராணம். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றிப் பல நாள் நிகழும் கூத்திலோ, ரதி அழுகிறாள், கணவனைப் போகவேண்டாமென்று தடுக்கிறாள், வாதாடுகிறாள். தகனம் முடிந்த பிறகும் அவளுடைய துக்கம் முடிவதில்லை. பெரியவர்களின் கதையில் ஓரமாக நின்ற ஒருத்தியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, அவள் பேச வேண்டியதையெல்லாம் பேச விட்டிருக்கிறார்கள் தோட்டத்து ஜனங்கள்.

இதைவிடத் துணிகரமான காரியம் அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாடல். வியாச பாரதத்தில் அல்லி என்று ஒருத்தி இல்லை. அர்ச்சுனன் தீர்த்த யாத்திரை போனதும், வழியில் உலூபியையும் சித்திராங்கதையையும், இறுதியில் சுபத்திரையையும் மணந்ததும் அங்கே சொல்லப்படுகின்றன. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக் காலத்து யாத்திரைக்கு அந்த மாபெரும் இதிகாசம் ஒதுக்கியிருக்கும் இடம் மிகக் குறைவு. அந்த இடைவெளியைக் கண்டான் நம் கதாசிரியன். சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாக்கி வில்லிபுத்தூரார் பாடியிருப்பது ஏற்கெனவே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது; அதன் வழியே அவன் மதுரைக்குள் நுழைந்து, ஆண்களை அண்டவிடாமல் அரசாளும் அல்லியைச் சிங்காசனத்தில் ஏற்றிவிட்டான். ஆரம்ப எழுத்தாளன் முதலில் தேடவேண்டியது இத்தகைய இடைவெளியைத்தான். மூலநூலில் விரிவாகச் சொல்லப்பட்ட இடத்தில் போய் நின்றுகொண்டு எழுதினால், முன்னோன் சொன்னதையே மங்கலாகத் திரும்பச் சொல்ல நேரிடும்.

அல்லி புதியவள், ஆனால் அவளிடம் வரும் அர்ச்சுனன் பழையவனே. சுபத்திரைக்காகச் சந்நியாசி வேஷம் போட்டவன், விராட நகரில் பேடியாய் ஆடல் கற்பித்தவன், இங்கே கண்ணனின் துணையோடு பாம்பு வடிவெடுத்து, உறங்குகிற அல்லியின் கழுத்தில் தாலி கட்டுகிறான். கேட்டவர்கள் 'இது நடந்திருக்கக்கூடும்' என்று ஒப்பியதற்குக் காரணம் இந்தச் சுபாவப் பொருத்தமே. செய்கையோ அநியாயம். இன்று எழுதுகிறவன் ஒருவன் அல்லியின் பக்கம் நின்று, விழித்தெழுந்த அவளுடைய கோபத்திலிருந்தே கதையைத் தொடங்குவானானால், நான் அவனை மனமார வரவேற்பேன்.

சென்னை அச்சுக்கூடங்கள் மலிவான காகிதத்தில் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களாக இக்கதைகள் ஊர் ஊராகப் பரவின. ஒருவர் விளக்கடியில் ராகம் போட்டுப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி இருந்து கேட்டார்கள். அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்தி இவற்றைப் பாடியிருக்க மாட்டார் என்பதே ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. உண்மையில் பாடியவர் பெயரை விரும்பாமல், கதை நிலைத்தால் போதுமென்று இருந்துவிட்டார் போலும். அவருடைய கற்பனை நிலைக்கவும் செய்தது. இவ்வகைக் கதைகளுள் ஒன்றான பவளக்கொடியைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார். 1934இல் அது தியாகராஜ பாகவதரின் முதல் திரைப்படமாயிற்று.

மூலத்தோடு பிணங்கி எழுதுவதும் இந்த மரபில் உண்டு. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வெளிவந்தது. இராமனால் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்ததை அவள் வாயாலேயே கேட்டு, மீண்டும் கல்லாகிறாள். இராமாயணத்தில் பழக்கமுள்ளவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாமென்று ஆசிரியரே முன்கூட்டிச் சொல்லி வைத்தார். ஆயினும் கைகேயியும் சீதையும் அகலிகையைக் காண வரும் சந்தர்ப்பங்களைப் படிக்கிறவர்கள், அந்த மனிதர் இராமாயணத்தை எவ்வளவு ஊன்றிப் பயின்றிருக்கிறார் என்பதை உணராமல் இருக்க முடியாது. மூலத்தை அரைகுறையாக அறிந்தவன் செய்யும் மறுப்பில் பலம் இராது. பத்துத் தடவை படித்துவிட்டு எழுத உட்காருவதே முறை.

பவளக்கொடியின் கதையில் கட்சால் இளைஞனுக்கென்றே ஓர் இடம் காலியாக இருக்கிறது. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அடம்பிடிக்க, அர்ச்சுனன் கடல் கடந்து பவளத்தீவுக்குப் போய், அங்கே பவளக்கொடியைக் காண்கிறான். பாடியவர்களுள் எத்தனை பேர் பவளப்பாறையைக் கண்ணால் கண்டிருப்பார்களோ! போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் அந்நியர்களைப் பார்த்து வளர்ந்தவனும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தன் தீவைக் கடல் விழுங்கியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவனுமாகிய ஒருவன், அர்ச்சுனன் கரையேறிய நாளைக் கரையில் நின்றவர்களின் கண் வழியே எழுதலாம். தேர் செய்யப் பவளத்தை வெட்டிக்கொண்டு போன பிறகு அத்தீவு என்ன ஆயிற்று என்பதையும் எழுதலாம்.