மஞ்சள் விளக்கும் மண்ணெண்ணெய்க் காலமும்: ஒரு புகைப் பரிசோதனையின் வரலாறு

போன வருசம் எங்கள் குழுவில் ஒருவரின் மாமாவுடைய பழைய யப்பான் காரை வருமான வரிப் பத்திரம் புதுப்பிப்பதற்காகத் தயார்ப்படுத்த வேண்டி வந்தது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் பத்திரம் கிடைக்காது. காரின் முகப்பிலே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கராச்சில் காட்டினோம். "தம்பி, பற்றரி வயரைக் கழட்டிப் பூட்டினா லைட் போயிடும்" என்றார் ஒரு அண்ணன். உண்மையாகவே போயிட்டுது. சந்தோசமாக மன்னாருக்குக் கொண்டுபோனோம். காபனோரொட்சைட்டு கூட என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விளக்கு அணைந்த காருக்குள் பழுது அப்படியே இருந்திருக்கிறது. அப்படியென்றால் நாங்கள் அழித்தது எதை? இந்தக் கேள்விதான் எங்களை வரலாற்றுக்குள் கொண்டுபோனது.

1943 யூலையில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. யுத்த காலம் என்பதால் யப்பான்காரன் நச்சுவாயு அடித்துவிட்டான் என்று சனம் பயந்தது. அந்தப் புகைமூட்டத்துக்கு உண்மையான காரணம் என்ன என்று 1950களின் தொடக்கத்தில் விளக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயன அறிஞர். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடுகிற ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் கலந்து ஓசோனாக மாறுகின்றன என்று அவர் காட்டினார். எதிரி வெளியிலிருந்து வரவில்லை, அவர்களுடைய கார்களுக்குப் பின்னால்தான் இருந்தான். 1967இல் கலிபோர்னியா வளிவளச் சபை உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

சட்டம் இறுக இறுக, கார்களுக்குள் வினையூக்கி மாற்றியும் ஒட்சிசன் சென்சரும் கணினியும் வந்தன. ஆனால் புதுக் கார் சுத்தமாக ஓடினால் போதுமா? பத்து வருசம் கழித்து அந்தப் பாகங்கள் பழுதானால் யாருக்குத் தெரியும்? கார் தானே தன்னைக் கவனித்துச் சொல்லவேண்டும் என்பதுதான் விடை. 1988 மாதிரிக் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் முதல் தலைமுறை ஓபிடி, அதாவது காருக்குள்ளேயே இருக்கிற பழுதறி முறை, கட்டாயமானது. 1996 மாதிரிகளிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் ஓபிடி-2 வந்தது. எல்லாக் காருக்கும் ஒரே மாதிரியான பதினாறு முள் இணைப்பான், ஒரே மாதிரியான பழுதுக் குறியீடுகள். ஐரோப்பாவில் 2001இலிருந்து பெற்றோல் கார்களுக்கு இது கட்டாயம். புகை அனுமதிக்கப்பட்ட அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய பழுது என்றால் மஞ்சள் விளக்கு எரியவேண்டும் என்பது அமெரிக்க விதியின் அடிப்படை.

பற்றரி கழட்டுகிற தந்திரம் எங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கர்களும் அதைத்தான் செய்தார்கள். அதற்காகத்தான் 'தயார்நிலை' என்ற ஒன்று ஓபிடி-2இல் வைக்கப்பட்டது. நினைவை அழித்தால் பழுதுக் குறியீட்டோடு சேர்ந்து, வினையூக்கி, ஒட்சிசன் சென்சர், பெற்றோல் ஆவி முதலியவற்றைக் கார் சோதித்து முடித்த பதிவுகளும் அழிந்துபோகும். பரிசோதகர் ஸ்கானரைப் பூட்டினால் 'இன்னும் சோதிக்கவில்லை' என்று காட்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 1996 முதல் 2000 வரையான கார்களுக்கு இரண்டு, 2001க்குப் பிந்திய கார்களுக்கு ஒன்று என்றுதான் முடிவடையாத சோதனைகளை அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் போனால் 'ஓடிவிட்டு வா' என்று அனுப்பிவிடுவார்கள்.

இனி எங்கட பக்கம் வருவோம். 1974இல் இதே பேசாலையில் சோவியத் நாட்டின் உதவியோடு எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். விற்கக்கூடிய எண்ணெய் வரவில்லை. அதற்குப் பிறகு 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளானது. பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வந்த புகையைப் பற்றிக் கேட்க ஆளில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகிற கார் ஓடினாலே பெரிய காரியம்.

நாட்டின் மறுபக்கத்தில் அதே காலத்தில் வேறொரு கதை நடந்தது. கொழும்பின் காற்று மோசமாகிவிட்டது, வாகனப் புகைக்கு விதி வேண்டும் என்று சூழலியல் சட்டத்தரணி லலாநாத் டி சில்வா 1998இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2000இல் வாகனப் புகைக்கும் எரிபொருளுக்கும் தர விதிகள் வந்தன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால், அது நிற்காமல் சுத்தமான கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2008இல் புகைப் பரிசோதனைத் திட்டம் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது.

எங்கட பரிசோதனை காரின் நினைவைப் பார்ப்பதில்லை. பெற்றோல் காருக்குப் புகைக்குழாயில் குழாய் வைத்துக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். டீசலுக்கு அக்சிலேற்றரை மிதித்துப் புகையின் கருமையை அளக்கிறார்கள். அதனால்தான் விளக்கை அணைத்தும் நாங்கள் தப்பவில்லை.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். புளூருத் ஸ்கானர் ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டினோம். பி0135 என்று காட்டியது. முதலாவது ஒட்சிசன் சென்சரைச் சூடாக்குகிற கம்பி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சென்சர் சூடாகாவிட்டால் கணினிக்குக் கலவை தெரியாது. பெற்றோலைக் கூட்டி விடும், காபனோரொட்சைட்டு ஏறும். முதலில் பியூசையும் வயரையும் பார்த்தோம், நல்லாத்தான் இருந்தன. சென்சரை மாற்றிய பிறகுதான் குறியீட்டை அழித்தோம்.

அதன் பிறகு கார் தன்னைத்தானே சோதிக்க அவகாசம் கொடுக்கவேண்டும். எரிபொருள் தாங்கி கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் இருக்கட்டும். இரவு முழுக்கக் குளிரவிட்டுக் காலையில் ஸ்ரார்ட் பண்ணி, சில நிமிடம் அப்படியே நிற்கவிட வேண்டும். பிறகு ஊருக்குள் நின்று நின்று ஓட்டம், அதன்பின் ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டம், கடைசியில் பிரேக் பிடிக்காமல் மெல்ல மெல்ல வேகம் குறையவிடுவது. சரியான வேகமும் நேரமும் ஒவ்வொரு காரின் கைநூலிலும் வேறுபடும். தலைமன்னார் வீதி நேரானது, மேடுபள்ளம் இல்லாதது, இதற்கென்றே போட்டது போல இருக்கும். ஆனால் மன்னார்க் கழுதைகளுக்கு எங்கட ஓட்டச் சுற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே வேகத்தில் போகிறபோதுதான் நடுவீதியில் வந்து நிற்கும். சட்ட வேகத்தைத் தாண்டவும் கூடாது. மூன்று நாள் ஓடித்தான் ஸ்கானரில் எல்லாம் 'முடிந்தது' என்று வந்தது. யப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் சிலவற்றில் இந்தப் பட்டியல் முழுதாகக் காட்டாது. அப்படியானால் அதற்காக அலைக்கழிய வேண்டாம், பழுது திருத்தியதா என்பதை மட்டும் பாருங்கள். பரிசோதனைக்குப் போகிறபோது எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குளிர்ந்த வினையூக்கி வேலை செய்யாது.

இந்த முறை கார் பாஸ்.

2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் வீதியில் ஓடுவது பெரும்பாலும் வயதான வாகனங்கள். புதுசு வாங்கு என்று சொல்வது எங்களைப் போன்ற வீடுகளுக்கு அறிவுரை இல்லை. ஒரு சென்சரின் விலையே மாமாவுக்கு ஒரு கிழமைக் கணக்கைப் புரட்டிப்போட்டது. 'லைட்டை மட்டும் அழிச்சுவிடு' என்று கேட்கிறவர்களை நாங்கள் குறைசொல்லவும் மாட்டோம். தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு எங்களுக்கு ஒரு ஸ்கானரை இரவல் வாங்குகிற அளவுக்காவது வழி இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிற எங்கட வாகனங்களின் புகை, கொழும்புக்குப் போவதில்லை. அந்த வாசலில் நிற்கிற எங்கட தம்பி தங்கச்சிமார்தான் அதைச் சுவாசிக்கிறார்கள்.

அந்த ஸ்கானர் இப்போது எங்கள் குழுவிடம்தான் இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் பற்றரியில் கை வைக்க முதல் ஒருக்கா எங்களிடம் வாங்கோ.