முதலும் வழியும் சார்பும்

தமிழிலே ‘நூல்’ என்னும் சொல் பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் குறிக்கும். புலவர் இயற்றும் ஏட்டையும் குறிக்கும். 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தமது நன்னூலில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியுள்ளார். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என அவர் மூன்றாகவும் பகுத்தார். ஏட்டுக்கு வகுத்த அப்பகுப்பு, இழையால் ஆகிய பூந்தையலுக்கும் பெரிதும் உதவக்கூடியதாகும்.

மேலைநாட்டுப் பெண்கள் தாம் கற்ற தையல்களையும் கோலங்களையும் ஒரே துணியில் தைத்துப் பேணினர். அதனை மாதிரித் துணி எனலாம். 1598 என ஆண்டு பொறித்து ஜேன் பொஸ்ரொக் என்பவர் தைத்த மாதிரித் துணி, இலண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் உள்ளது.

இலங்கையில் அத்தகைய மாதிரிகளாக நமக்கு வாய்த்தவை பழைய கண்டிப் பூந்தையல்களே. நீலத் துணியில் செந்நூலும் வெண்ணூலும் கொண்டு சங்கிலித் தையலால் அழகுசெய்த வெற்றிலைப் பைகள் அவற்றுட் சிறந்தவை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் மனைவி எதெல் இத்தையல்களைத் தேடி ஆராய்ந்தார். 1908இல் வெளிவந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், கைவினைஞர் வழங்கிய சொற்களையும் பதிவு செய்தது. கொடிக்கோலம் ‘லியவெல’ என்றும், தாமரையிதழ் வரிசை ‘பலாபெதி’ என்றும் பெயர் பெறும்.

அம்மரபு மாத்தளையில் மீண்டும் தழைத்தது. எனா த சில்வா அம்மையார் (1922–2015) மாத்தளை நகரை அடுத்த தம் முன்னோர் ஊராகிய அலுவிகாரைக்கு 1980களில் திரும்பி, ஊர்ப் பெண்களைக் கொண்டு பூந்தையலையும் பற்றிக் துணிக்கலையையும் வளர்த்தார். பழைய கோலங்கள் அங்கே புதிய வண்ணமும் புதிய வடிவும் பெற்றன.

இத்தகைய ஆக்கங்களை எப்பெயரால் அழைப்பது? அனைத்தையும் ‘பழங்காலத் தையல்’ என்பது பொருந்தாது. பழைய வெற்றிலைப் பை முதல் ஆகும். அதே துணி, அதே நிறம், அதே தையல் எனப் பிசகாமல் தைத்தது, சுவடியைப் பார்த்து எழுதிய ஏட்டைப் போலப் படி ஆகும். கோலத்தைப் பேணி, அளவையோ நிறத்தையோ வேண்டியவாறு மாற்றியது வழி ஆகும். ஒரு தாமரையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தன் கற்பனையால் நிரப்பியது சார்பு ஆகும். சார்பு என்பது இழிவன்று. புதியது படைத்தவருக்கு உரிய மதிப்பை அளிக்கும் பெயரே அது.

பெயர் பிழைத்தால் வரலாறும் பிழைக்கும். புதுத்துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழைமை நிறம் ஏற்றும் வழக்கம் மேலைநாட்டுத் தையலாரிடம் உண்டு. அது குற்றமன்று, ‘படி’ என்று குறியாது விடுதலே குற்றம். அவ்வாறு விட்டால், நூறு ஆண்டுகளின் பின் வரும் மாணவன் அதனை முதல் என மயங்குவான். வாங்குபவர் ஏமாறுவார். தைத்த பெண்ணின் உழைப்போ, பெயரறியாத முன்னோர் ஒருவரின் கணக்கிற் சேர்ந்துவிடும். எனவே துணி எது, நூல் எது, தையல் எது, தழுவிய மூலம் எது, தைத்தவர் யார், ஆண்டு யாது என்பவற்றை ஒவ்வோர் ஆக்கத்துடனும் எழுதி வைத்தல் வேண்டும்.

வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம், பஞ்சத்தாலும் போராலும் அழிந்துவிடுமோ என அஞ்சிய துறவிகளால், கி.மு. முதலாம் நூற்றாண்டில் இதே அலுவிகாரையிலேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. நினைவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்று கண்ட ஊர் அது. விரல்கள் அறிந்ததை எழுத்தும் அறிதல் வேண்டும் என்பதற்கு அவ்வூரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.