அகற்றக்கூடியதும் அகற்றவேண்டியதும்: சிரை வடிகட்டியின் வரலாறும் சித்தூர், திருப்பதி இருமொழி வழக்கும்

ஒரு கருவியின் வரலாறும் அக்கருவியைக் குறிக்கும் சொல்லின் வரலாறும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. கீழ்ப்பெருஞ்சிரையில் பொருத்தப்படும் இரத்த உறைகட்டி வடிகட்டி இதற்குத் தக்க சான்றாகும். உடலிலேயே நிலைத்திருக்கும் பொருளாகத் தோன்றிய இது, பின்னர் வெளியே எடுக்க இயலும் பொருளாயிற்று. அதன்பின், தேவை தீர்ந்ததும் எடுத்தே ஆகவேண்டிய பொருளாயிற்று. மூன்றாம் மாற்றத்தை மொழிபெயர்ப்பு இன்னும் முழுமையாக எட்டவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் இக்குறை தெளிவாகப் புலப்படும்.

காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி பெயர்ந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்தையும் அங்கிருந்து நுரையீரல் தமனியையும் அடைந்தால் உயிருக்கு இடர் நேரும். இத்தொடர்பை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செருமானிய அறிஞர் விர்ச்சோ விளக்கிப் பெயரிட்டார். உறைவெதிர் மருந்தே இதற்கு முதன்மையான மருத்துவம். குருதிப்போக்கு உள்ளோர்க்கும் அண்மையில் பெரிய அறுவை முடிந்தோர்க்கும் அம்மருந்து ஒவ்வாதபோது வழியை மறிக்க வேண்டியதாயிற்று. முன்னாளில் சிரையையே கட்டிவிட்டனர். 1967இல் மோபின்-உதீன் குடை வடிவக் கருவியை அறிமுகப்படுத்தினார். 1973இல் அறுவை மருத்துவர் கிரீன்ஃபீல்டும் எண்ணெய்த் தொழில் பொறியாளர் கிம்மெல்லும் கூம்பு வடிவ வடிகட்டியை வெளியிட்டனர். எண்ணெய்க் குழாய்களில் கசடு பிடிக்கும் வடிகட்டியே அதற்கு முன்மாதிரி. கூம்பின் ஆழத்தில் நூற்றுக்கு 70 பங்கு உறைகட்டியால் நிரம்பினும் சிரையின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழப் பாதி திறந்தே இருக்கும், 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் 0.49 என்பதே இதன் கணக்கு. பொறியாளர் கைபட்ட கருவி என்பது இதிலேயே தெரிகிறது.

பொருத்திய வடிகட்டி காலமெல்லாம் நன்மையே செய்யுமா என்பது பின்னரே ஆராயப்பட்டது. 1998இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு 400 நோயாளரை உட்கொண்டது. முதல் 12 நாள்களில் நுரையீரல் அடைப்பு, வடிகட்டி பெற்றோரில் நூற்றுக்கு 1.1, பெறாதோரில் 4.8. ஈராண்டு கழிந்தபின் கால் சிரை உறைவு மீண்டும் தோன்றியது முன்னவரில் 20.8, பின்னவரில் 11.6. இறப்பு அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வடிகட்டியின் பயன் முதல் நாள்களிலும் தீங்கு பிந்திய நாள்களிலும் மிகுவதால், பொருத்திப் பின் எடுப்பதே முறை என்னும் கருத்து வலுப்பெற்றது. 2003 முதல் எடுக்க இயலும் வகைகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆயினும் பல எடுக்கப்படாமலே தங்கின. 2010இல் அந்நாட்டு உணவு, மருந்து ஆணையம், 2005 முதல் வந்த 921 தீநிகழ்வு அறிக்கைகளைச் சுட்டி எச்சரித்தது. அவற்றுள் 328 கருவி இடம்பெயர்ந்தமை பற்றியன. 56 கருவி முறிந்தமை பற்றியன. நுரையீரல் அடைப்பின் இடர் நீங்கியவர்க்குப் பொருத்திய 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பதே நலம் என ஒரு கணிப்பு காட்டுவதாக 2014இல் அவ்வாணையம் அறிவித்தது.

எடுக்கும் முறை எளிய தோற்றமும் நுண்ணிய செயலும் கொண்டது. முதலில் நிறமேற்றி ஊடுகதிர்ப்படம் எடுத்து, வடிகட்டியில் உறைகட்டி சிக்கியுள்ளதா என்று காண்பர். பெரிய கட்டி இருந்தால் எடுப்பதை ஒத்திவைப்பர். பின்னர்க் கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிக் கண்ணியால் வடிகட்டியின் உச்சியிலுள்ள கொக்கியைப் பற்றுவர். கண்ணியை இறுகப் பிடித்துக் குழாயை வடிகட்டியின்மேல் செலுத்தினால் கால்கள் சிரைச்சுவரினின்று விடுபட்டுக் குடை மடிவதுபோல் மடிந்து குழாய்க்குள் அடங்கும். வடிகட்டியை வலிந்து இழுத்தல் கூடாது; குழாயே அதனை நோக்கிச் செல்ல வேண்டும். நெடுநாள் தங்கியதாயின் கால்கள் சுவரில் புதைந்திருக்கும். கொக்கியும் சாய்ந்து திசுவால் மூடப்பட்டிருக்கும். அப்போது பற்றுகுறடும் லேசர் ஒளி முனையுடைய குழாயும் தேவைப்படும். லேசர்க் குழாய்க்கு இப்பயன் கருதி 2021இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. காலம் தாழ்த்துவதே கடினத்தைக் கூட்டுகிறது.

மொழியின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. எடுக்க இயலும் வகையைக் குறிக்கும் ஆங்கில அடை இயலுமையை மட்டுமே சுட்டும். ‘அகற்றக்கூடிய’ என்பது அதற்கு நேரான பெயர்ப்பு, பிழையன்று. ஆனால் கேட்போர், ‘விரும்பினால் எடுக்கலாம்’ என்றே கொள்வர். ‘அகற்றத்தக்க’ என்பதில் இயலுமையோடு தகுதிப் பொருளும் உண்டு. ‘செய்யத்தக்கது’ என்றால் செய்வது முறை என்னும் குறிப்பும் வரும். ‘அகற்றவேண்டிய’ என்பது கடப்பாட்டையே கூறும். தெலுங்கிலும் இம்மூன்று படிகள் உள்ளன: தீயகல, தீயதகின, தீயவலசின. இவற்றுள் நடுவிலுள்ளது ‘தகு’ என்னும் பொது வேரினது. கருவியின் வரலாறு முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குச் சென்றுவிட்டது. பெயரடையோ முதற்படியிலேயே நிற்கிறது. இடர் நீங்காத நோயாளர்க்கு வடிகட்டியை விட்டுவைப்பதும் உண்டாதலின், கடப்பாட்டுச் சொல்லையும் ஆளறிந்தே வழங்க வேண்டும்.

சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளையும் கொண்டு அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 எல்லைத் திருத்தத்தில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் மருத்துவம் நாடும் வழிகள் இரண்டே: தெற்கே வேலூர், வடகிழக்கே திருப்பதி. இவ்வழிகளில் செல்லும் ஒரு தமிழ்க் குடும்பம் வேலூரில் தமிழிலும், 1993 முதல் இயங்கும் திருப்பதி வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் கழகத்தில் தெலுங்கிலும் விளக்கம் கேட்க நேரும்.

இருமொழிக்கும் இடறல்கள் பொதுவானவை. தமிழ் ‘கட்டி’ உறைந்த இரத்தத்தையும் குறிக்கும், புற்றுக்கட்டியையும் குறிக்கும். தெலுங்கில் ‘கட்ட’ (ககர டகரங்கள் ஒலிப்புடையன) என்பதும் அவ்வாறே. ஆதலின் ‘இரத்தக்கட்டி’ என்றதும் புற்றுநோய் என அஞ்சுவோர் இரு மொழியிலும் இருப்பர்; ‘உறைகட்டி’ என்பது ஓரளவு காக்கும். ‘வடிகட்டி’யின் ஈற்றிலுள்ள ‘கட்டி’யோ வேறு, அது வினையடியாகப் பிறந்தது. ‘சிரை’ என்பது வடசொல் வழி வந்த கலைச்சொல். பேச்சுவழக்கில் மயிர் மழித்தலையே நினைவூட்டும். மக்கள் சொல் ‘நரம்பு’, தெலுங்கில் ‘நரம்’. இரண்டும் ஒரே வேரின. இரண்டுமே உணர்வு நரம்பையும் இரத்தக் குழாயையும் வேறுபாடின்றிச் சுட்டும். ஈழத்துப் பாடநூல்களில் சிரைக்கு ‘நாளம்’ என்றும் தமனிக்கு ‘நாடி’ என்றும் வழங்குவதால், தமிழகத்தில் பொதுவாக இரத்தக் குழாயைக் குறிக்கும் ‘நாளம்’ அங்குச் சிறப்புப் பெயராகிறது. ‘வயிற்றின் பெரிய இரத்தக் குழாய்’ எனும் விரிநிலை விளக்கமே நோயாளர் தாளுக்கு ஏற்றது.

இதனினும் இன்றியமையாதது வினை. ஒப்புதல் தாளில் ‘வடிகட்டி வைக்கப்படும்’ என்ற தொடரோடு நிறுத்தினால் செயல் முற்றியதாகவே படும். ‘வைத்து, இடர் நீங்கியபின் எடுக்கப்படும்’ என வினையெச்சத்தால் இணைத்தால், முதல் வினை இரண்டாவதை எதிர்நோக்கி நிற்கும். தெலுங்கு வாக்கிய அமைப்பும் இதற்கு முற்றிலும் இடந்தருகிறது. தாளின் அடியில் மருத்துவர் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றும் தேவை: தமிழில் ‘எடுக்கவேண்டிய தேதி’, தெலுங்கில் ‘தீயவலசின தேதி’. தேதி என்னும் சொல் இருமொழிக்கும் பொது.