கண்ட பிரேமும் கணித்த பிரேமும்

இரணைமடுக் குளம் வான் பாயும் நாளில் வான்கதவுகளின் கீழே கமராவோடு நிற்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. செக்கனுக்கு 50 பிரேம் எடுத்து, அதை 25 பிரேம் டைம்லைனில் விரித்துவிடலாம். அல்லது வழமைபோல 25இல் எடுத்து வந்து, எடிட்டிங்கில் ஒப்டிக்கல் ஃப்ளோவை இயக்கி, இரு பிரேம்களுக்கு நடுவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் 10 செக்கன் 20 செக்கனாகிறது. இரண்டையும் சுலோமோஷன் என்றே சொல்கிறோம். ஆனால் முன்னதில் இருப்பது கமரா கண்ட பிரேம். பின்னதில் பாதி, கணினி கணித்த பிரேம்.

முதலில் செலவைப் பார்ப்போம். கமரா வழி தெளிவை விலையாகக் கேட்கிறது. நமது கலியாண வீடுகளில் அதிகம் புழங்கிய கெனன் 600டி, 700டி வகைகளில் 50 பிரேம் வேண்டுமானால் 720பிக்கு இறங்கியாக வேண்டும். 2016இல் வந்த 80டி முழு எச்டியில் 50 தந்தது. அதே ஆண்டின் 5டி மார்க் 4, 100 பிரேம் தந்தாலும் மறுபடி 720பிக்கே இறக்கியது. கணினி வழி தெளிவில் கைவைக்காது, நேரத்தைத்தான் தின்னும். ஒன்றில் செலவு குளக்கட்டிலேயே முடிந்துவிடுகிறது. மற்றதில் இரவு முழுக்க ரெண்டர் ஓடுகிறது.

வெளிச்சத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 50 பிரேமுக்கு வழக்கமான ஷட்டர் 1/100. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், பழைய டியூப்லைட் செக்கனுக்கு 100 முறை மினுங்கும். ஆகவே ஒவ்வொரு பிரேமும் ஒரு முழு மினுக்கத்தை அளவாக வாங்கிக்கொள்கிறது. படத்தில் துடிப்பே தெரியாது. அதே கமராவை 60க்கு மாற்றி 1/125 வைத்தால், கிளிநொச்சி மண்டபத்துச் சுவரில் இருள்பட்டை ஊரத் தொடங்கும். கரன்ட் போய் ஜெனரேற்றர் ஓடினாலும் இந்தப் பொருத்தம் குலையலாம்: சுமை ஏறினால் அதன் வேகம் தளர்கிறது.

கணினி வழி கேட்பதோ மங்கல் இல்லாத பிரேம். அதற்கு 1/500 அல்லது அதற்கு மேலான ஷட்டர் வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையின் மதிய வெயிலில் அது ஒரு பொருட்டே இல்லை. மண்டபத்துக்குள் அதே அளவை வைத்தால் மினுக்கம் திரும்பி வருகிறது. குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளிகள் கொப்பளிக்கின்றன. அந்தப் புள்ளிகளையும் அசைவென்றே மென்பொருள் எண்ணிக்கொள்கிறது.

இனி, எதை எடுக்கிறோம் என்பது. வான்கதவைத் தாண்டி விழும் நீரில் ஒரு துளி, ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் பிறந்து, உடைந்து, இல்லாமலே போய்விடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்தது என்று தேடும் கணினிக்கு அந்தத் துளி அகப்படுவதில்லை. நீர் உருகிய மெழுகுபோல இழுபடுகிறது. சூடு மிதித்த நெல்லைத் தூற்றும்போது பறக்கும் பதரிலும், வற்றாப்பளைப் பொங்கலில் ஆடும் தீச்சுடரிலும் இதே கதைதான். கமராவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எதையும் தேட வேண்டியதில்லை, பார்த்தாற் போதும்.

ஆனால் வயலுக்கு மேலே சிறகசைக்காமல் மிதக்கும் கொக்கை எடுத்துப் பாருங்கள். உருவம் மாறவில்லை, இடம் மட்டுமே மாறுகிறது; கணினி அதைப் பிசகின்றி நிரப்புகிறது. 50 பிரேமை நாலிலொரு பங்கு வேகத்துக்கு இழுத்தால் கமராப் படம் தத்தும். கணித்த படம் வழுக்கிக்கொண்டு போகும். யாழ்தேவி கடப்பதையும் அது நன்றாகவே செய்யும், ரயிலுக்கும் கமராவுக்கும் நடுவே ஒரு பனை நிற்காதவரை. நின்றால், மரத்தின் விளிம்பில் பெட்டிகள் கிழிந்து ஒட்டும்.

இவ்வளவு வேற்றுமைக்கும் அடியில் எதிர்பாராத ஓர் உறவு இருக்கிறது. கமராவும் பெரும்பாலும் எல்லாப் பிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. கார்ட்டில் இடம் மிச்சப்படுத்த, எச்.264 முறையில் இடையிடையே ஒரு முழுப் படத்தை வைக்கிறது. மற்றவற்றை, பக்கத்துப் பிரேமில் எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று ஊகித்தே எழுதுகிறது. அதாவது, கணினி செய்யும் கணிப்புக்கு நெருங்கிய உறவான ஒன்றைக் கமரா நம் கையிலிருக்கும்போதே செய்துவிடுகிறது. உத்தமன் என்று நினைத்தவரும் ஊகக்காரரே.

பிறகு எங்கேதான் வேறுபாடு? கமரா ஊகித்தபின் உண்மைப் பிரேமோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பிழைத்த அளவையும் சேர்த்தே எழுதுகிறது. கணினிக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அந்த நொடியில் அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை. ஒன்று சாட்சியுள்ள ஊகம், மற்றது சாட்சியற்ற ஊகம்.

மணப்பெண்ணின் சேலைத் தலைப்பு காற்றில் எழும்போது இந்த வேறுபாடு பெரிதல்ல. அழகாக வந்தாற் போதும். ஆனால் இது வன்னி. இறுதிப் போர் தொடர்பாக 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய காணொளியை ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்தார். அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தபோது, விளக்க முடியாதவையாக அவர் குறிப்பிட்ட சிலவற்றுள் காணொளியின் கடைசி 17 பிரேம்களும் இருந்தன. 25க்கு ஓடும் படத்தில் 17 பிரேம் ஒரு செக்கன்கூட இல்லை. கொக்குக்கும் சேலைக்கும் கணித்த பிரேம் தாராளமாக இருக்கட்டும். நாளை எவரேனும் எண்ணிப் பார்க்கக்கூடிய படத்துக்குத் தத்தினாலும் கண்ட பிரேமே போதும்.