தோற்றமும் ஆற்றலும்: படைத்துப்பாக்கியின் வடிவேற்ற சிறுதோட்டா ரைஃபிள்கள்

ஒரு கருவியின் வடிவம் அதன் பயன்பாட்டிலிருந்து பிறக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஏருக்கும் அரிவாளுக்கும் இது பொருந்தும். ஆயின், பயன்பாட்டுக்கு வேண்டாத வடிவத்தை ஒரு கருவி ஏற்கும்போது, அவ்வடிவத்தை வேண்டியவர் யார், எதற்காக வேண்டினர் என்னும் வினாக்கள் எழுகின்றன. ஆற்றல் குறைந்த ரிம்ஃபயர் வகை ரைஃபிளை இராணுவத் துப்பாக்கி போலத் தோன்றுமாறு மாற்றியமைக்கும் வழக்கம் இத்தகையதாகும். இன்று அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. இதனை வெறும் ஒப்பனை என்று ஒதுக்குவோர் உளர். அத்தோற்றமே ஆபத்து என்று அஞ்சுவோரும் உளர். இவ்விரு சாராரும் இவ்வழக்கத்தின் முற்பட்ட வரலாற்றைக் கருத்திற் கொள்வதில்லை என்பது நம் எண்ணம். துப்பாக்கியின் தோற்றத்துக்கு முதன்முதலில் விலை கொடுத்தவை அரசுகளே. அத்தோற்றம் எக்காலத்தும் ஏதேனும் ஒரு பணியைச் செய்தே வந்துள்ளது.

முதலில் தோட்டாவைப் பற்றிச் சில சொற்கள். ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்தைத் தூண்டும் கலவை, உறையின் அடிவிளிம்புக்குள் வைக்கப்பட்டிருக்கும். விளிம்பை நசுக்கினால் அது பற்றிக்கொள்ளும். நசுங்குவதற்காக உறை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உறை மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே ஆற்றல் குறைவு என்பது இவ்வமைப்புடன் உடன்பிறந்த இயல்பாகும். 1845ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து ஃப்ளோபேர், வரவேற்பறையில் குறிபார்த்துச் சுடும் கேளிக்கைக்காக இத்தகைய தோட்டாவைச் செய்தார். 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் வெளியிட்ட '.22 லாங் ரைஃபிள்' இன்றளவும் வழங்கி வருகிறது. அதன் குழல்விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். பிரித்தானியப் படையின் .303 தோட்டாவோடு ஒப்பிட்டால், அதன் தாக்கு விசை பதினைந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எனினும் அது மலிவானது. ஓசையும் பின்னுதைப்பும் குறைந்தது. சிறிய இடத்திலும் சுட்டுப் பழக ஏற்றது. (உயிரைப் பறிக்கவல்லது என்பதையும் மறத்தற்கில்லை.)

அரசு வேண்டிய தோற்றம்

தென்னாப்பிரிக்கப் போவர் போர் (1899–1902) பிரித்தானியரின் தன்னம்பிக்கையை அசைத்தது. குடியானவர்களாகிய போவர்களின் குறி தவறாமை, பயிற்சி பெற்ற பேரரசுப் படையை நாணச் செய்தது. நாட்டு மக்கள் யாவரும் சுடக் கற்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. தளபதி ராபர்ட்ஸ் பிரபு அதன் முதன்மைப் பரப்புரையாளரானார். 1901இல் தோன்றிய இரு அமைப்புகள் 1903இல் ஒன்றிணைந்து சிறுரக ரைஃபிள் மன்றங்களின் சங்கமாக உருவெடுத்தன. தொழிலாளரும் பள்ளி மாணவரும் மாலை வேளைகளில் .22 தோட்டாவைச் சுட்டுப் பழகினர்.

இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. இலேசான விளையாட்டுத் துப்பாக்கியில் பழகிய கை, போர்க்களத்தில் கனமான துப்பாக்கியை ஏந்தும்போது தடுமாறும். எனவே பயிற்சிக் கருவியும் படைக்கருவியின் எடை, நீளம், குறிகாட்டி, பூட்டு ஆகியவற்றைக் கொண்டிருத்தல் வேண்டும் என வற்புறுத்தப்பட்டது. 1880களிலேயே மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குழலுக்குள் 'மோரிஸ் குழாய்' என்னும் மெல்லிய குழாயைச் செருகிச் சிறுதோட்டா சுடும் முறை இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் ஆயிரக்கணக்கில் .22 பயிற்சித் துப்பாக்கிகளாக மாற்றப்பட்டன. அவற்றுள் ஒரு வகையைப் பற்றிய சிறு செய்தி நம் கவனத்துக்குரியது. அதில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவையே இட இயலும். தோட்டாப் பேழைக்கு வேலையே இல்லை. ஆயினும் பேழையின் வெற்றுக்கூடு அகற்றப்படவில்லை. சுட்டபின் விழும் காலி உறைகள் அதில் தங்கின. துப்பாக்கியின் உருவமும் குலையவில்லை. இதனை ஒப்பனை என்று எவரும் அன்று எண்ணவில்லை. உடல் வடிவத்தின் வாயிலாகவே கற்கிறது என்பதைப் படைப் பயிற்றுநர் அறிந்திருந்தனர்.

இதே பேரரசு இந்தியாவில் நடந்துகொண்ட முறை வேறு. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்கென என்ஃபீல்டு துப்பாக்கியில் வரியற்ற குழலுடைய வகை ஒன்று வழங்கப்பட்டது. குழலினுள் திருகுவரி இல்லையேல் தோட்டா நெடுந்தொலைவு குறிதவறாமற் செல்லாது. வெளித்தோற்றத்தில் ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இம்முறையை மீண்டும் கையாண்டது. லீ-என்ஃபீல்டின் வரிகளை நீக்கி .410 அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, தோட்டாப் பேழையின் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, காவலருக்கும் சிறைக் காப்பாளருக்கும் வழங்கியது. இவை ரிம்ஃபயர் வகையைச் சேர்ந்தவையல்ல எனினும் நம் பொருளுக்கு நெருங்கியவை. இங்கிலாந்து மாணவனிடம் படைத்துப்பாக்கியின் தோற்றம் நாளைய ஆற்றலுக்கு முன்னோட்டமாக இருந்தது. இந்தியக் காவலரிடம் அதே தோற்றம் ஆற்றலின்மையை மூடும் திரையாக இருந்தது. கூட்டத்தினர் அஞ்ச வேண்டும். ஆனால் துப்பாக்கி கூட்டத்தின் கைக்கு மாறினாலும் ஆட்சிக்குக் கேடு வரலாகாது. குடியேற்ற ஆட்சியின் ஐயுறவை இதனினும் தெளிவாகக் காட்டும் பொருட்சான்று நமக்குக் கிட்டுவது அரிது.

ஜெர்மனியில் தோற்றம் மற்றொரு பணியை மேற்கொண்டது. 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை 1,00,000 பேருக்குள் அடக்கியதுடன், அதன் 177ஆம் பிரிவின் வழி, பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் துப்பாக்கி மன்றங்களும் தம் உறுப்பினருக்கு ஆயுதப் பயிற்சி அளிப்பதைத் தடுத்தது. சிறுதோட்டாக் கொண்டு குறிபார்த்துச் சுடுதல் விளையாட்டு என்னும் பெயரில் தழைத்தது. நாசி ஆட்சியில், 1934இல் வந்த .22 ரைஃபிளுக்கு 'ஜெர்மானிய விளையாட்டு மாதிரி' என்றே பெயர். பெயரில் விளையாட்டு, உருவிலோ மௌசர் படைத்துப்பாக்கி. 1935இல் ஹிட்லர் உடன்படிக்கையை வெளிப்படையாக மீறிக் கட்டாயப் படைச்சேவையை அறிவித்தபின் மறைக்க வேண்டிய தேவை அகன்றது. அப்பத்தாண்டின் பிற்பாதியில் வெளிவந்த அடுத்த .22 ரைஃபிள், மௌசர் 98கே-யின் வடிவை இன்னும் நெருக்கமாகப் பின்பற்றியது. துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்தும் அமைப்பைக்கூடப் பெற்றிருந்தது. அதன் பெயரிலும் 'விளையாட்டு' என்பதற்குமுன் 'பாதுகாப்பு' என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. ஹிட்லர் இளைஞர் அணியினர் இத்தகைய சிறுதோட்டாத் துப்பாக்கிகளிலேயே பழகினர்.

தனியார் வேண்டிய தோற்றம்

1964ஆம் ஆண்டை நாம் ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். அவ்வாண்டு அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 10/22 என்னும் அரைத் தானியங்கி .22 ரைஃபிளை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் 60 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான எம்1 கார்பைனின் சாயல் அதன் உருவில் படிந்திருந்தது; போரிலிருந்து மீண்டோர்க்கு அது பழகிய வடிவம். அதே காலத்தில் கோல்ட் நிறுவனம் ஏஆர்-15ஐப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. அதன் படைவடிவமாகிய எம்16, வியட்நாம் போர்ச் செய்திகளின் வழி வீடுதோறும் அறிமுகமாயிற்று. மரக்கட்டைக்குப் பதில் கருநிற நெகிழி, தனித்து நீளும் கைப்பிடி, மேலே சுமக்கும் பிடி என அதன் உருவம் புதியது. 1970களில் இத்தாலியின் ஆர்மி யாகர் நிறுவனம் எம்16இன் வடிவில் .22 ரைஃபிளைச் செய்து ஏற்றுமதி செய்தது.

எனினும் மாற்றியமைக்கும் வழக்கத்தின் நடுநாயகம் 10/22 தான். அதன் பகுதிகளைத் தொழில் வல்லாரின் துணையின்றி உரியவரே கழற்றி மாற்றலாம் என்பதனால், உதிரிப்பாகச் சந்தை ஒன்று அதனைச் சுற்றி வளர்ந்தது. மடக்குக் கட்டை, துளையிட்ட குழலுறை, ஏஆர்-15 போன்றோ பெல்ஜியத்தின் பி90 போன்றோ காட்டும் மேற்கூடு ஆகியவை கடையில் கிடைத்தன. உள்ளிருக்கும் பொறி அதுவே, தோட்டாவும் அதுவே. வேட்டையாடவோ பந்தயத்தில் வெல்லவோ இம்மாற்றம் பெரிதும் உதவுவதில்லை. புறநானூற்றில் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், பீலி சூட்டி நெய் பூசிக் காவல் மனையில் அடுக்கப்பட்ட படைக்கலங்களையும், போரில் முனை சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடப்பவற்றையும் ஒப்பிட்ட நயம் நாம் அறிந்ததே. அங்கே ஒப்பனை, போர் காணாமையின் அடையாளம். இங்கே போர் காணாக் கருவி, போர் கண்ட கருவியின் உருவையே ஒப்பனையாகப் பூணுகிறது.

சட்டத்தின் இடர்ப்பாடு

தோற்றத்தைத் தனியார் கைக்கொண்டபின், சட்டம் எதனைத் தடுப்பது என்னும் வினா கூர்மை பெற்றது. 1994 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், கழற்றக்கூடிய பேழையுடைய அரைத் தானியங்கி ரைஃபிளில் மடக்குக் கட்டை, கைத்துப்பாக்கிப் பிடி, துப்பாக்கிமுனைக் கத்திக்கான அமைப்பு, தீச்சுடர் மறைப்பி, எறிகுண்டு ஏவி ஆகியவற்றுள் இரண்டு இருப்பின் அதனைத் தடைசெய்தது. ரிம்ஃபயர் தோட்டாவுக்கு இதில் பொது விலக்கு இல்லை. விலக்களிக்கப்பட்ட துப்பாக்கிகளை நிரல்படுத்திய இணைப்பில் 10/22 இடம்பெற்றது. ஆயின் மடக்குக் கட்டை இல்லாதது என்னும் அடைப்புக்குறிக் குறிப்புடன் இடம்பெற்றது. ஒரே துப்பாக்கி தன் கட்டையால் இரண்டு பொருளாயிற்று. பத்தாண்டு வரையறை முடிந்து 2004இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. 2009இல் ரூகர் நிறுவனமே 10/22இன் பொறியை ஏஆர் வடிவக் கூட்டில் அமைத்து விற்றது.

பிரித்தானியா எதிர்வழியில் சென்றது. 1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டு நகரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடைசெய்தது; .22 ரிம்ஃபயருக்கு மட்டும் விலக்களித்தது. தோற்றத்தைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. எனவே ஏஆர்-15இன் வடிவத்தையும் அரைத் தானியங்கிச் செயலையும் ஒருங்கே விரும்பிய உரிமம் பெற்றோர்க்கு .22 ஒன்றே வழியாயிற்று. விந்தை யாதெனில், அதே நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சுடவே இயலாத போலித் துப்பாக்கி உண்மையானது போலத் தோன்றினால் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. போலிக்குத் தோற்றம் குற்றம். மெய்யான துப்பாக்கிக்கு அது பொருட்டன்று. முரண்பாடு போலத் தோன்றினும் இதில் ஓர் ஒழுங்கு உண்டு என்பது நம் கருத்து. தெருவில் எதிர்ப்படுபவர் அஞ்சுவது தோற்றத்தையே. உரிமம் வழங்கும் அதிகாரி அளப்பது ஆற்றலை.

ஆஸ்திரேலியாவில், 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் இயற்றப்பட்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் இத்தகைய பகுப்பை ஏற்கவில்லை. தடைசெய்யப்பட்ட இராணுவ வகையின் தோற்றத்தைப் பெருமளவு ஒத்திருக்கும் எந்தத் துப்பாக்கியும், குழல்விட்டமும் இயங்குமுறையும் எவையாயினும், தடைக்குரியதே என்று அது வரையறுத்தது. கலிபோர்னிய மாநிலமோ புறக்கூறுகளை எண்ணிப் பார்த்துத் தடுக்கும் தன் விதியை, உறையின் அடிநடுவில் அடிபடும் தோட்டாக்களைச் சுடும் அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்கு மட்டுமே உரியதாக்கிற்று. கருநிறக் கூடணிந்த ஒரு .22 ரைஃபிள், சான் ஃபிரான்சிஸ்கோவில் அவ்விதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சிட்னியில் தன் உருவத்தினாலேயே தடைக்குள்ளாகிறது.